நைல்ஸும் மில்லர்ஸ் சாலையும்: படப்பிடிப்பு இடங்களான இரு பழைய குடியிருப்புகளும் அவற்றின் நினைவும்

அமெரிக்காவில் தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் பகுதிகளாக நியூ ஜெர்சி, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி, டெக்சாஸ் ஆகிய மூன்றைச் சொல்வது வழக்கம். கணினித் தொழிலும் நல்ல பள்ளிகளும் அவர்களை அங்கே ஈர்த்தன. அதே மூன்று பகுதிகளும் ஹாலிவுட் எழுவதற்கு முற்பட்ட அமெரிக்கத் திரைப்படத்தின் களங்களாக இருந்தவை என்பது தற்செயலே. ஆனால் தமிழ்த் திரை வரலாற்றை ஆராய்பவருக்குப் பயன்படக்கூடிய தற்செயல் அது.

ஒரு குடியிருப்பில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டிருந்தாலும் அது தானாகவே வரலாற்றில் இடம்பெற்றுவிடாது. படக்குழு மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, அங்கே வாழ்ந்தவர்கள் எதைத் தேடினர், எதைச் சேர்த்துவைத்தனர், எந்தக் கட்டடத்தை இடிக்காமல் விட்டனர் என்பதைப் பொறுத்தே அந்த இடம் நினைவில் நிற்கிறது. கலிபோர்னியாவின் நைல்ஸ் என்னும் சிற்றூரையும் சென்னையின் புரசைவாக்கம்–கீழ்ப்பாக்கம் பகுதியையும் அருகருகே வைத்து இதனை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் திரைப்படத்தோடு தொடர்பு கொண்டவை. நூறாண்டு கழித்து இரண்டின் நிலையும் வெவ்வேறாக இருக்கிறது.

முதலில் மற்ற இரு பகுதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நியூ ஜெர்சியின் எடிசன் நகர் இன்று இந்தியக் கடைத்தெருவுக்குப் பெயர்பெற்றது. தாமஸ் எடிசனின் மென்லோ பார்க் ஆய்வகம் அந்நகர எல்லைக்குள் இருந்ததனாலேயே அதற்கு அவர் பெயர் வந்தது. திரைப்படம் எடுப்பதற்கென்றே அவர் அமைத்த ‘பிளாக் மரியா’ என்னும் கருங்கூடம் அதே மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சில் 1893இல் எழுந்தது. ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ஃபோர்ட் லீ 1910களில் அமெரிக்காவின் முதன்மையான படநகராக விளங்கியது. நியூயார்க்கின் நாடக நடிகர்கள் படகில் ஆற்றைக் கடந்துவந்து பகலில் படத்தில் நடித்துவிட்டு இரவில் மேடையேறத் திரும்பினர். அவ்வூரின் செங்குத்தான பாறைகளும், கோய்ட்ஸ்வில் பகுதியிலிருந்த பழைய விடுதி ஒன்றும் எத்தனையோ படங்களில் மேற்குப் புலத்தின் மலைகளாகவும் மதுக்கடையாகவும் வேடமிட்டன. முதல் உலகப் போரின் இறுதியில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்தது. கண்ணாடிக் கூரையிட்ட கூடங்களைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருக்க முடியாமற்போனபோது தொழில் மேற்கே நகர்ந்தது. அவ்வூரின் திரைப்பட மரபுக்கென ஒரு திரையரங்கும் காட்சியகமும் 2022இல்தான் அங்கே திறக்கப்பட்டன.

டெக்சாஸின் சான் அந்தோனியோவில் பிரெஞ்சுக்காரரான கஸ்தோன் மெலியே 1910இல் ஒரு படப்பண்ணை நடத்தினார். அலமோ கோட்டைப் போரை அங்கேயே படமாக்கி 1911இல் வெளியிட்டார். அப்படத்தின் பிரதி இன்று இல்லை; சில நிழற்படங்களே எஞ்சியுள்ளன. அண்மைக் காலத்துக்கு வந்தால், டாலஸுக்கு வடக்கே ஆலன் நகரத்தை ஒட்டிய மெக்கின்னியில் 1974ஆம் ஆண்டின் ‘பென்ஜி’ என்னும் நாய்ப்படம் எடுக்கப்பட்டது. ஆலனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் உலவச் செல்லும் மெக்கின்னியின் பழைய சதுக்கத்தில் அன்றைய மாவட்ட நீதிமன்றம் இப்போது கலையரங்கமாக நிற்கிறது. மெக்கின்னி பிழைத்தது அதன் சதுக்கம் பிழைத்ததனால். படமும் அதற்கு உதவியது; ஆனால் முதற்காரணம் அதுவன்று.

நைல்ஸின் கதை வேறு. அங்கே ஊரை நிறுத்தியது படத்தின் நினைவே.

ஓக்லண்டுக்குத் தென்கிழக்கே, அலமீடா ஓடை மலையிடுக்கிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வாயிலில் அமைந்த ஊர் நைல்ஸ். கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் இருப்புப்பாதை 1869இல் அந்தப் பள்ளத்தாக்கின் வழியே வந்தது. பழத்தோட்டங்களும் நாற்றுப் பண்ணையும் ரயில் சந்திப்பும் அவ்வூருக்கு வாழ்வளித்தன. 1912ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் சிகாகோவைச் சேர்ந்த எஸ்ஸனே நிறுவனத்தின் மேற்குப் பிரிவு அங்கே வந்து இறங்கியது. ஜார்ஜ் ஸ்பூர், கில்பர்ட் ஆண்டர்சன் என்னும் இரு பங்காளிகளின் பெயர்களிலிருந்து எடுத்த ‘எஸ்’, ‘ஏ’ என்ற முதலெழுத்துகளை ஒலித்தபடியே எழுதினால் கிடைப்பது ‘எஸ்ஸனே’. நிறுவனம் தோன்றிய ஆண்டு 1907.

இவ்விருவருள் ஆண்டர்சனே நைல்ஸுக்கு உரியவர். ஆர்கன்சாவில் பிறந்த இவருடைய இயற்பெயர் மேக்ஸ் ஆரன்சன். நியூ ஜெர்சியில் 1903இல் எடுக்கப்பட்ட ‘மாபெரும் ரயில் கொள்ளை’ படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சிறு வேடங்களில் நடித்தார். அப்போது அவருக்குக் குதிரையேறவே சரியாகத் தெரியாது என்பார்கள். பின்னாளில் அவரே ‘பிராங்கோ பில்லி’ என்னும் குதிரை வீரராகி, மேற்குப்புலப் படங்களின் முதல் நட்சத்திரமானார். கொலராடோ, சான் ரஃபேல் என்று பல இடங்களில் படமெடுத்துப் பார்த்த பிறகே நைல்ஸைத் தேர்ந்தார்.

எடிசனின் காப்புரிமைக் கூட்டணிக்கு அஞ்சியே படக்காரர்கள் கலிபோர்னியாவுக்கு ஓடினர் என்று திரை வரலாறுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சிலரைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். எஸ்ஸனேவுக்கு அது பொருந்தாது. 1908இல் அமைந்த அக்கூட்டணியில் எஸ்ஸனேவே ஓர் உறுப்பு. ஆண்டர்சன் நைல்ஸைத் தேர்ந்ததற்கான காரணங்கள் எளிமையானவை. ஒரு பக்கம் கரடுமுரடான பள்ளத்தாக்கு, மறுபக்கம் சிறிய கடைத்தெரு, இரண்டுக்கும் நடுவே ரயில் நிலையம். கோடை முழுதும் மழையற்ற வெயில். மின்விளக்கில் படமெடுப்பது செலவு மிகுந்ததாக இருந்த அக்காலத்தில் வெயிலே மூலதனம். கூடத்தின் வாசலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வங்கிக் கொள்ளையும், ரயில் துரத்தலும், மலைச்சரிவுத் துப்பாக்கிச் சண்டையும் எடுக்க முடிந்தது. எடுத்த சுருள்கள் அதே ரயிலேறிச் சிகாகோவுக்குச் சென்றன.

1913இல் நிலையான படக்கூடமும் நடிகர்களுக்கான சிறு வீடுகளின் வரிசையும் எழுந்தன. ஏறத்தாழ வாரம் ஒன்றாகப் படங்கள் வந்தன. பெரும்பாலானவை ஒரு சுருள் நீளமே. அதாவது ஆயிரம் அடி, கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நான்கு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களின் எண்ணிக்கை முந்நூற்றைத் தாண்டும். ஊரார் கூட்டத்தில் நின்றனர்; தங்கள் குதிரைகளை வாடகைக்குக் கொடுத்தனர். தங்கள் கடைத்தெரு அரிசோனாவாகவும் டெக்சாஸாகவும் மாறுவதைத் தங்கள் ஊர்த் திரையரங்கிலேயே பார்த்தனர். இந்தக் கடைசிச் செய்தியே பின்னர் முக்கியமாகிறது. 1913இல் தொடங்கிய அந்தச் சிறு அரங்கின் பெயர் ‘எடிசன்’.

சார்லி சாப்ளின் 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நைல்ஸுக்கு வந்தார். வாரம் 1,250 டாலர் சம்பளம். சிகாகோவில் எஸ்ஸனேவுக்காக ஒரு படம் முடித்துவிட்டு, அக்குளிர் பிடிக்காமல் மேற்கே வந்தவர் அவர். நைல்ஸும் அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் சில மாதங்களில் ஐந்து படங்களை அங்கிருந்து முடித்தார். அவற்றுள் ஐந்தாவதாகிய ‘நாடோடி’ 1915 ஏப்ரலில் வெளிவந்தது. ஏமாற்றமுற்ற அந்த ஒற்றை மனிதன் முதுகு காட்டி மண்சாலையில் தளர்ந்து நடந்து, பிறகு ஓர் உதறல் உதறிவிட்டு உற்சாகமாய் நடையைத் தொடரும் இறுதிக் காட்சி நைல்ஸ் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்ற கூடாரக் கொட்டகைகளின் வழியே சாப்ளினை அறிந்த தமிழகத்துக்கு அந்த நடை பழக்கமானது. அது நடந்த சாலை மட்டும் பழக்கமில்லாதது. ஃப்ரீமாண்டில் வாழ்ந்து கிழக்கேயுள்ள சுனோலுக்கு வண்டியோட்டும் தமிழர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் செல்கின்றனர்.

1916 பிப்ரவரியில் எஸ்ஸனே நைல்ஸ் கூடத்தை மூடியது. சாப்ளின் முன்பே போய்விட்டார். ஆண்டர்சன் தம் பங்கை விற்றுவிட்டு விலகினார். கட்டடம் பல ஆண்டுகள் சும்மா கிடந்து 1933இல் இடிக்கப்பட்டது. 1956இல் நைல்ஸ் உள்ளிட்ட ஐந்து ஊர்கள் இணைந்து ஃப்ரீமாண்ட் நகரமாயின. பேசும்படத்தின் வருகையோடு ஆண்டர்சனை உலகம் மறந்தது. 1958இல் அகாதெமி அவருக்குச் சிறப்பு விருது அளித்தபோது, அவர் இன்னும் உயிரோடிருக்கிறாரா என்று வியந்தவர்களும் இருந்திருப்பர்.

அந்த மறதியிலிருந்து நைல்ஸ் மீண்டது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களின் உழைப்பால். 1998இல் பிராங்கோ பில்லியின் பெயரால் மௌனப்பட விழா தொடங்கியது. பின்னர் அந்தப் பழைய எடிசன் அரங்கம் மௌனப்படக் காட்சியகமாயிற்று. சனிக்கிழமை இரவுகளில் பியானோ இசையோடு அங்கே படம் காட்டுகின்றனர். நூறாண்டுக்கு முன் நைல்ஸ் மக்கள் தம் தெருவைத் திரையில் கண்ட அதே அறையில், இன்று ஆசிய வழியினர் பாதிக்கு மேல் வாழும் நகரத்தின் மக்கள் அதே தெருவைக் காண்கின்றனர். இருபக்கமும் பழம்பொருட் கடைகள் வந்தன. மலைச்சரிவில் ஊர்ப்பெயர் பெரிய வெள்ளை எழுத்துகளில் நிற்கிறது. பள்ளத்தாக்கில் 1988 முதல் பழைய நீராவி ரயிலும் ஓடுகிறது. இதில் சுற்றுலா வணிகம் இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் வணிகத்துக்கு அடியில் ஆய்வு இருக்கிறது. தமிழ் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது அதையே.

அக்காட்சியகத்தின் வரலாற்றாய்வாளர் டேவிட் கீன் எஸ்ஸனேவைப் பற்றி விரிவான நூல் எழுதியவர். அவருடைய முறையைக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு நைல்ஸுக்கு வெளியே கிடைக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில், டிராம் வண்டியின் முகப்பில் படப்பெட்டியை வைத்து எடுத்த புகழ்பெற்ற ஒரு குறும்படம் உண்டு. அது 1905இல் எடுக்கப்பட்டது என்று நெடுங்காலம் கருதினர். கீன் படத்திலேயே தடயம் தேடினார். தெருவில் மழைநீர் தேங்கியிருந்தது. கருதப்பட்ட மாதமோ மழையற்றது. படத்தில் தெரிந்த கார்களின் பதிவெண்களைப் பதிவேடுகளில் பார்த்தார். பழைய நாளிதழ்களையும் அவற்றின் வானிலைக் குறிப்புகளையும் புரட்டினார். படம் 1906 ஏப்ரலில், நகரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்குச் சில நாள்களே முன்னர் எடுக்கப்பட்டது என்று நிறுவினார். தெருவில் திரிந்த அத்தனை பேரும் அழிவின் விளிம்பில் நின்றவர்கள் என்றாகிவிட்டது. படத்தில் ஒரு சட்டகமும் மாறவில்லை. அதன் பொருள் மட்டும் மாறிற்று.

இந்த முறைக்குத் தேவைப்பட்டவை நாளிதழ், பதிவேடு, வானிலைக் குறிப்பு ஆகியவை மட்டுமே. அவற்றுள் எதுவும் அரிய பொருளன்று. எல்லாம் சென்னைக்கும் உண்டு.

எடிசன் அரங்கம் தொடங்கிய அதே 1913ஆம் ஆண்டில் சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் ‘எலெக்ட்ரிக் தியேட்டர்’ என்னும் நிலையான படக்கொட்டகையைத் தொடங்கினார். சில ஆண்டுகளே நடந்த அதனை அஞ்சல்துறை வாங்கியது. அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அக்கட்டடம் அஞ்சல்தலைக் கூடமாக இன்றும் நிற்கிறது. சென்னைத் திரைவரலாற்றின் தொடக்கத்தைச் சொல்லும் கட்டடம் அஞ்சல்தலைகளால் காப்பாற்றப்பட்டது என்பது நகைமுரண்தான். ஆனாலும் நிற்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

படம் காட்டிய இடம் எஞ்சியது. படம் எடுத்த இடம் அவ்வாறு எஞ்சவில்லை. நைல்ஸ் கூடம் மூடப்பட்ட காலத்தை ஒட்டி, புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஆர். நடராஜ முதலியார் ‘இந்தியா ஃபிலிம் கம்பெனி’யைத் தொடங்கினார். மோட்டார் உதிரிப்பொருள் வணிகத்திலிருந்து திரைப்படத்துக்கு வந்தவர் அவர். படப்பெட்டியைக் கையாளும் கலையை ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் பூனாவில் கற்றார். மகாபாரதத்தின் விராட பருவத்திலிருந்து கதையெடுத்து ‘கீசக வதம்’ என்னும் படத்தை எடுத்தார். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் அது. எடுத்த சுருளைக் கழுவுவதற்குச் சென்னை வெக்கை ஒத்துவராதென்று பெங்களூருக்குக் கொண்டு சென்றார். நைல்ஸின் சுருள்கள் சிகாகோவுக்குப் போனதும் இதுவும் ஒரே தொழிலின் இரு முகங்கள். வெயிலுள்ள இடத்தில் எடுப்பதும், வசதியுள்ள இடத்தில் முடிப்பதும் அன்றைய நடைமுறை.

கீசக வதத்தின் பிரதி ஒன்றும் எஞ்சவில்லை. அது வெளியான ஆண்டை 1916 என்றும், 1917 என்றும், 1918 என்றும் நூலுக்கு நூல் வேறாகக் குறிக்கின்றனர். ஒரு மொழியினத்தின் திரைவரலாறு தொடங்கும் ஆண்டே மூன்றாக இருப்பதைச் சிறிய குறையாகக் கொள்ள முடியாது.

பிரதி இன்மை சென்னைக்கு மட்டும் உரிய அவலமன்று. அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளியான ஏறத்தாழ 10,900 நெடும் மௌனப்படங்களுள் முதலில் வெளியான வடிவிலேயே எஞ்சியவை 14 விழுக்காடு என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. நைல்ஸில் எடுத்தவற்றிலும் பெரும்பாலானவை இல்லை. தென்னிந்திய மௌனப்படங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முழுமையாகக் கிடைப்பதென்று ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றையே சொல்ல முடிகிறது. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ கூட இன்று இல்லை. ஆகவே படம் இல்லாத இடத்தில் படப்பிடிப்பு இடத்தின் வரலாறு கூடுதல் எடை பெறுகிறது. சுருள் அழிந்த பின் எஞ்சக்கூடிய சான்று தெருவே.

இடத்தைப் பற்றிய குழப்பம் தமிழுக்குப் புதிதன்று. ஆர். கே. நாராயணின் கற்பனை ஊரான மால்குடி தமிழ் மண்ணின் ஊராகவே பலருக்குத் தோன்றும். ஆனால் 1980களின் தொலைக்காட்சித் தொடர் கர்நாடகத்தின் ஆகும்பேயில் எடுக்கப்பட்டதால், மால்குடியைக் காண விரும்புவோர் இன்று அங்கேதான் செல்கின்றனர். அருகிலுள்ள அரசாளு ரயில் நிலையத்தில் மால்குடிக்கென்று ஒரு காட்சியகமும் இருக்கிறது. திரையில் ஊர் எதுவாக இருந்தாலும், படப்பெட்டி நின்ற ஊரே கடைசியில் உரிமை கோருகிறது. அதுவும் அவ்வூரார் அக்கறை காட்டினால்.

புரசைவாக்கத்தாரும் கீழ்ப்பாக்கத்தாரும் அவ்வாறு உரிமை கோரியதில்லை. கோருவதற்கு மில்லர்ஸ் சாலைக்கு அப்பாலும் காரணம் இருக்கிறது. அதை ஒட்டிய பூந்தமல்லி நெடுஞ்சாலையில், கீழ்ப்பாக்கத்தில், ஏ. நாராயணன் 1934இல் ‘ஸ்ரீநிவாஸா சினிடோன்’ ஒலிப்படக் கூடத்தை நிறுவினார். அதுவரை தமிழ்ப் பேசும்படமெடுக்கப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஓடவேண்டியிருந்தது. இக்கூடத்தில் உருவான ‘ஸ்ரீநிவாஸ கல்யாணம்’ சென்னையிலேயே எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் பேசும்படம். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் நாராயணனின் மனைவி மீனாட்சி. அத்துறையில் இறங்கிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர். மௌனப்படத்தின் முதற்கூடமும் பேசும்படத்தின் முதற்கூடமும் நடந்து செல்லக்கூடிய தொலைவில் அமைந்த ஒரு நகர்ப்பகுதியைக் கோடம்பாக்கத்துக்கு முந்தைய கோடம்பாக்கம் என்று அழைப்பது மிகையாகாது. கோடம்பாக்கமோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே படநகரானது. அதன் புகழ் பெரிது. ஆதலால் அதற்கு முன் நடந்தவை அதன் நிழலில் மறைந்தன.

இப்பகுதியின் மாளிகைத் தோட்டங்களைத் துண்டுபோட்டு அடுக்கு வீடுகள் எழுந்துவிட்டன. கட்டடத்தைத் தேடுவது வீணாகலாம். முகவரியைத் தேடுவது வீணாகாது. சென்னையின் தெருவாரியான குடியிருப்போர் பட்டியலை அசைலம் அச்சகத்தின் ஆண்டு விவரத் தொகுதிகள் வெளியிட்டுவந்தன. ‘சுதேசமித்திரன்’, ‘தி இந்து’ ஆகியவற்றின் விளம்பரப் பக்கங்கள் கொட்டகைகளின் அன்றாட நிகழ்ச்சிகளைத் தந்தன. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927–28இல் இயங்கிய இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகள் அச்சில் உள்ளன. எழும்பூர் ஆவணக் காப்பகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் சென்னையிலேயே இருக்கின்றன. சு. தியடோர் பாஸ்கரனின் நூல்கள் மௌனப்படக் காலத்தின் சமூக வரலாற்றுக்கு வழி வகுத்துவிட்டன. தெருவாரியான வரலாறு அடுத்த படி. புலம்பெயர் தமிழர்களும் இதில் பங்கு கொள்ள இயலும். தொலைவிலிருந்தே புரட்டத்தக்க எண்ணுருவப் படிகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன.

தொடங்க வேண்டிய இடம் தெளிவானது. 1916 முதல் 1919 வரையான நான்கு ஆண்டுத் தொகுதிகளில் மில்லர்ஸ் சாலைக்குரிய பக்கங்களை வரிசையாக வைத்து, எந்தக் கதவிலக்கத்துக்கு எதிரே, எந்த ஆண்டில், இந்தியா ஃபிலிம் கம்பெனி அல்லது நடராஜ முதலியார் என்னும் பெயர் முதலில் தோன்றுகிறது, எந்த ஆண்டில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அதே மாதங்களின் நாளிதழ்களில் கொட்டகை விளம்பரங்களைத் தேட வேண்டும். ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை அது.